ஓரக்கண் பொம்மை

ஜாடிக்காரர் இறந்த செய்தி நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் வந்தபோது நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். அவர் கட்டிக்கொடுத்த கழிப்பறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்ததை ஒருத்தி நினைவுபடுத்தினாள். அவர் வாங்கித் தந்த சைக்கிள் இல்லையென்றால் பன்னிரண்டாவதே முடித்திருக்க மாட்டேன் என்றாள் இன்னொருத்தி. கும்பிடுகிற கையும் அழுகிற முகமுமாக அன்று முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "ஏண்டி, உனக்கு அவரத் தெரியாதா?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். தெரியும். உங்கள் எல்லோரையும்விட எனக்கு நன்றாகவே தெரியும். அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான் விஷயம்.

நாற்பதைத் தொடப்போகிறவளுக்குச் சின்ன வயதில் பட்ட வயிற்றெரிச்சல் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். குழுவில் இதை எழுத முடியாது. படிக்கக் கூடாத ஒருத்தி அதில் இருக்கிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

அவர் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பம். மீசை முளைக்கும் முன்பே மெட்ராஸுக்குப் போய் ஏதோ ஒரு கடையில் டைல்ஸ் தூக்கி, பிறகு சொந்தமாக டைல்ஸும் குளியலறைச் சாமானும் விற்று, நன்றாகச் சம்பாதித்துவிட்டார். பிள்ளை இல்லை. மனைவி காலமான பிறகு கடையை விற்றுவிட்டு நம் ஊருக்கு வந்தார். ஜங்ஷன் பக்கம் மூடிக்கிடந்த அரிசி மில்லை வாங்கினார். லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஏதோ மிஷின் வருகிறது, கம்பெனி வரப்போகிறது, வேலை போட்டுக் கொடுப்பார் என்று நம்பித்தான் பார்த்தார்கள். வைக்கோலைப் பிரித்தால் உள்ளே இருந்தது எல்லாம் ஊறுகாய் ஜாடி. மேலே காப்பி நிறம், கீழே வெள்ளை. யானைக்குட்டி அளவிலும் இருந்தது, கட்டைவிரல் அளவிலும் இருந்தது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் ஜாடிக்காரர்.

செராமிக் வேகவைத்துப் பிழைக்கிற ஊரில் ஒருத்தர் காசு கொடுத்துப் பழைய பீங்கான் வாங்குகிறார் என்றால் யார்தான் நம்புவார்கள். மீன் விற்கிற ஊரில் வந்து மீன் முள் வாங்குகிற கதையாக இருந்தது. மங்கலம்பேட்டையில் வீடு வீடாகப் போவார். அங்கே பாய் வீடுகளில் மலேயாவிலிருந்து எப்போதோ வந்த நீலப்பூ போட்ட தட்டுகள் பரணில் கிடந்தன. ஒரு பழைய தட்டை எடுத்துக்கொண்டு ஒரு புது டின்னர் செட்டைக் கொடுத்துவிட்டு வருவார். அந்த வீட்டுப் பெண்கள் அவர் தெருவைத் தாண்டும்வரை அடக்கிவைத்திருந்து பிறகு சிரிப்பார்களாம்.

அப்போதுதான் அந்த இரிடியம் புரளி. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கும், அது அரிசியை இழுக்கும், கோடி கோடியாக விலை போகும் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு. ஜாடிக்காரர் ஜாடியைச் சாக்காக வைத்துக்கொண்டு தேடுவது அதைத்தான் என்று பெரியவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். திட்டக்குடிப் பக்கமிருந்து ஒருத்தர் துணியில் சுற்றி ஒரு செம்பைக் கொண்டுவந்தார். மேலே நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாடிக்காரர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். "செம்பு வேணாங்க. கோந்து எதுல கலக்குனீங்க? அந்தக் கிண்ணம் பீங்கானா இருந்தா கொண்டாங்க, எடுத்துக்கறேன்" என்றாராம். அந்த மனிதர் மறுநாள் நிஜமாகவே கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதை இவர் வாங்கியும் கொண்டார். மில்லில் அந்தக் கிண்ணத்தை நானே பார்த்திருக்கிறேன். ஓரத்தில் கோந்து காய்ந்து மஞ்சளாக இருக்கும். கழுவவில்லை.

ஆள் ஒல்லி. அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. எந்தப் பீங்கானைப் பார்த்தாலும் துண்டால் துடைத்து, விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். நல்லதாக இருந்தால் டிங் என்று ஒரு நீளமான சத்தம் வரும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். விரிசலையும் வாங்குவார். நம் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை திறந்த அன்று சுவர் டைல்ஸையும் அப்படித் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனாரே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை டைல்ஸ், நீலக் கரை. நம்மில் யார் வீட்டுச் சமையலறையும் அவ்வளவு அழகாக இல்லை. அழுக்காக்கப் பயந்து முதல் வாரம் முழுக்க நாம் உள்ளேயே போகவில்லை. தலைமையாசிரியை வந்து திட்டித்தான் போகவைத்தார்.

இது வரைக்கும் உங்கள் கதையும் என் கதையும் ஒன்றுதான். இனிமேல்தான் வேறு.

எங்கள் தெரு செராமிக் பேட்டைக்குப் பின்னால். பொம்மை செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம், ஒரு கொட்டகை, ஒரு சூளை, ஒரு முதலாளி. அச்சில் வார்த்து வேகவைத்த பொம்மைகள் கூடை கூடையாக எங்கள் தெருவுக்கு வரும். வாத்து, தவளை, இடுப்பில் குடம் வைத்த பெண். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பெயின்ட் அடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புடவைக்கு ஒருத்தி, குடத்துக்கு ஒருத்தி. கடைசியாக வருவது கண். அதற்குக் கை நடுங்கக் கூடாது. எங்கள் தெருவில் அந்த வேலைக்குப் பெயரே 'கண்ணு வைக்கிறது'. "உங்கம்மா என்னா செய்றாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் கேட்டபோது நான் எழுந்து நின்று "கண்ணு வைக்கிறாங்க டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் கண் வைப்பவர்கள். அத்தை என்றால் சொந்தமில்லை, கூப்பிடுகிற முறை. இரண்டு பேரும் ஒரே வயது. கல்யாணமாகி ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். அத்தைக்கு ஒரு பெண், என் வயது, அப்போது என் வகுப்பு. அவள்தான் அந்தக் குழுவில் எல்லோரையும்விட நீளமாக அஞ்சலி எழுதியவள். அத்தையின் வீட்டுக்காரருக்கு ஆலையில் நிரந்தர வேலை. என் அப்பா லாரியில் லோடு ஏற்றப் போய்க் கால் உடைந்து அந்த வருஷம் கட்டிலோடு கிடந்தார். எங்கள் வீடு முழுக்கப் பெயின்ட் தின்னர் வாசனை. சோற்றில்கூட அடிக்கும். அம்மா பொம்மையை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கறுப்புப் புள்ளி வைப்பாள். வைத்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

அம்மாவின் கண்ணை எந்தக் கூடையில் கலந்தாலும் எனக்குத் தெரியும். மற்றவர்கள் வைத்த பொம்மை நேராகப் பார்க்கும். அம்மா வைத்தது கொஞ்சம் ஓரமாக, யாரோ பக்கத்தில் வந்து நிற்பதுபோலப் பார்க்கும். அழகு என்று நான் நினைத்ததில்லை. அம்மாவுடையது, அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டுத் தெருவுக்குள் நுழைகிறேன். முந்திரிப் பழம் விற்பவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் புளித்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. தெரு நடுவில் கம்பெனி முதலாளி. அவருக்கு முன்னால் அத்தை. அவருக்குப் பின்னால் தோளில் துண்டோடு ஜாடிக்காரர். முதலாளியின் கையில் ஒரு குடத்துப் பெண் பொம்மை. தூரத்திலிருந்தே தெரிந்தது, அது அம்மா கண் வைத்தது. அத்தை தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"நான்தாங்க. இதுக்குக் கண்ணு வெச்சது நான்தான்."

ஜாடிக்காரர் முன்னால் வந்தார். பொம்மையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கள் தெருவில் ஆம்பிளை ஒருத்தர் பொம்பிளையைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "எத்தினி நாளா தேடிக்கிட்டு இருக்கறேம்மா இந்தக் கைய" என்றார்.

நான் அம்மாவைத் தேடினேன். எங்கள் வாசலில் நின்றிருந்தாள், கையில் பிரஷ்ஷோடு. என்னைப் பார்த்ததும் பார்வையை நகர்த்திக்கொண்டாள். உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "அது நீ வெச்சதுதானே? அத்தை பொய் சொல்றாங்க, நீ ஏன் சும்மா நிக்கற?"

"வாய மூடு" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டும் அந்த ஒரு பதில்தான்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஜாடிக்காரர் கம்பெனியில் சொல்லி, கண் மட்டும் வைக்காத பொம்மைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பினார். அவருக்கென்று தனியாகக் கண் வைக்க வேண்டும். சாயங்காலம் அத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டு அந்தப் பொம்மைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அம்மா கண் வைப்பாள். காய்ந்ததும் அத்தை திரும்பக் கொண்டுபோவாள். அதற்கு வந்த கூலியை அப்படியே கொண்டுவந்து அம்மா கையில் வைத்துவிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர் அவளுக்கு. "ஐயா வந்து என்னா சொன்னாரு தெரியுமா" என்று அத்தை சொல்லச் சொல்ல, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இடித்துக்கொள்வார்கள். ஏமாந்தவள் ஏமாற்றியவளோடு உட்கார்ந்து சிரிக்கிறாளே என்று எனக்குத் தாங்காது. அத்தை போன பிறகு அவள் உட்கார்ந்த பாயை நான் உதறிப் போடுவேன்.

கூலியோடு நின்றிருந்தால் ஆறிப்போயிருப்பேன். அந்த வருஷக் கடைசியில் ஜாடிக்காரர் அத்தையிடம் வந்து, இப்படிப்பட்ட கைக்காரியின் பெண் நல்ல படிப்புப் படிக்க வேண்டும், நெய்வேலியில் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்கிறேன், காலேஜ் வரைக்கும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் யாரும் அந்த வேனைப் பார்த்ததில்லை. காலையில் எங்கள் தெருவுக்குள் வர முடியாமல் முனையில் நின்று ஹாரன் அடிக்கும். அவள் நீல ஸ்கர்ட், கோடு போட்ட டை, கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு ஓடுவாள். ஷூ பாலிஷ் வாசனை எங்கள் வீட்டு வாசல்வரை வரும். எனக்கு அந்த டையின்மேல் அப்படி ஒரு ஆசை. அப்பாவின் பழைய வேட்டிக் கரையைக் கிழித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். அவள் மாதிரி வரவில்லை, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்லிக்காட்டுவாள். எனக்கும் கற்றுக்கொடுக்கிறேன் என்பாள். கற்றுக்கொள்ள ஆசை, அவளிடம் கற்றுக்கொள்ள வெறுப்பு. "எனக்குத் தலைவலி" என்று எழுந்து வந்துவிடுவேன்.

ஒரு நாள் அவளோடு மில்லுக்குப் போனேன். அவள் அங்கே எப்போது வேண்டுமானாலும் போகலாம். நெல் காய்ந்த களத்தில் ஜாடிகள் மழைத்தண்ணீரோடு நின்றன. உள்ளே ஒரே குளிர்ச்சி, தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. மின்கம்பத்தில் வைக்கிற பீங்கான் கொட்டைகளைக்கூட அவர் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நடுவில் கண்ணாடி அலமாரி. அதற்குள் அம்மாவின் பொம்மைகள். வீட்டில் கூடையில் கிடந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தபோது மூக்கு அதில் ஒட்ட நின்றுவிட்டேன்.

ஜாடிக்காரர் பின்னால் வந்து நின்றார். "இதுங்கள ஏன் எனக்குப் புடிக்குது தெரியுமா? எல்லாப் பொம்மையும் சாமி மாதிரி நேரா பாக்குது. இது மட்டுந்தான் பக்கத்து வூட்டப் பாக்குது. அவ கொடத்துல என்னா இருக்குது, நம்ம கொடத்துல என்னா இருக்குதுன்னு பாக்குது. மனுசங்க பார்வை." பிறகு என் முகத்தைக் குனிந்து பார்த்தார். "நீ யாரு வூட்டுப் பொண்ணு? அசப்புல இது மாதிரியே பாக்குறியே."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இது என் அம்மா வைத்த கண் என்று ஒரு வரி. வாய்வரை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க எதுத்த வூடுங்க ஐயா, என் ஃபிரண்டு" என்றாள். அந்த 'ஃபிரண்டு' என்கிற வார்த்தையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொரு வருஷம் போனது. அப்பா கைத்தடியோடு நடமாட ஆரம்பித்திருந்தார். ஜாடிக்காரர் நம் பள்ளிக்கூடத்தில் கண் ஆஸ்பத்திரிக்காரர்களை வரவழைத்துக் கேம்ப் போட்டாரே, அது அப்போதுதான். இலவசக் கண்ணாடி. நம்மில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரி காப்பி நிற ஃபிரேம் கிடைத்து, வகுப்பே ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா வரமாட்டேன் என்றாள். அத்தைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்று, அவள் ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டாள். டாக்டர் அம்மாவின் வலது கண்ணைப் பார்த்துவிட்டு, "இத வெச்சிக்கிட்டா இத்தினி நாளு வேலை செஞ்சீங்க?" என்றார். அம்மாவுக்கும் காப்பி நிற ஃபிரேம் வந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா முதல் பொம்மைக்குக் கண் வைத்தாள். தலையைச் சாய்க்கவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. புள்ளி அச்சடித்த மாதிரி நடுவில் உட்கார்ந்தது. பொம்மை நேராகப் பார்த்தது.

அடுத்த கூடை மில்லுக்குப் போனதும் ஜாடிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு கையில் பழைய பொம்மை, இன்னொரு கையில் புதுசு. அத்தை அப்போது எங்கள் வீட்டு வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன்.

"என்னம்மா, கண்ணு மாறிப்போச்சே?" என்றார் அத்தையிடம்.

 அத்தை அவரைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாடிக்காரர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். அதில் கண்ணாடி இல்லை. மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். தான் கொடுத்த காப்பி நிற ஃபிரேம். அம்மாவின் விரலில் கறுப்புப் பெயின்ட்.  கண்டுபிடித்துவிட்டார், இப்போது கேட்கப்போகிறார், நாளைக்கு அந்த வேன் எனக்காகவும் ஹாரன் அடிக்கும் என்று நான் நினைத்தேன்.

"கண்ணாடி சரியா இருக்குதாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நல்லா தெரியுதுங்க ஐயா. புள்ளைங்க மூஞ்சி எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப சரி" என்றார்.  பழைய பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டார். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் பொம்மை அனுப்பவில்லை. தேடித் தேடிச் சேர்த்த பார்வையைத் தானே கண்ணாடி வாங்கிக் கொடுத்து இல்லாமல் ஆக்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்தவில்லை. வேன் வந்துகொண்டே இருந்தது. அவள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தாள், அமெரிக்கா போய்வந்தாள், இப்போது சென்னையில் சொந்த ஃபிளாட். நான் உங்களோடு படித்து, திட்டக்குடியில் ஒரு கடன் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்தும் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்கிற ஆங்காரத்தை இத்தனை வருஷமும் வளர்த்தேன். தீபாவளிக்கு அவர் ஊருக்கெல்லாம் அனுப்பிய இனிப்பைக்கூட நான் தொட்டதில்லை.

அவர் போன பிறகு மில்லை ஊருக்கே எழுதிவைத்துவிட்டார் என்று தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கலாம், எந்த ஜாடியையும் தட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறாராம். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். துக்கத்துக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். அந்த அலமாரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். நினைத்தபடியே இருந்தது. பொம்மைகளுக்குக் கீழே பித்தளைத் தகட்டில் அத்தையின் பெயர்.

"இப்பவாவது சொல்லும்மா" என்றேன். "அவரும் போயிட்டாரு. மில்லப் பாத்துக்கறவங்ககிட்ட நான் சொல்றேன், தகட்ட மாத்தச் சொல்றேன். அத்தை உன் பேரத் திருடி வெச்சிருக்காங்க."

அம்மா அலமாரியில் கையை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "திருடினாளா?"

"பின்ன? நான்தான்னு சொன்னாங்களே. என் காதாலயே கேட்டேன்."

"நீ பாதியிலதான் வந்த. அதுக்கு முந்தின வாரம், மூணாவது வூட்டுக்காரி வெச்ச கண்ணு கோணலா இருக்குதுன்னு வியாபாரி கூடையத் திருப்பி அனுப்பிட்டான். மொதலாளி அவள அன்னிக்கே நிறுத்திட்டாரு. எனக்கும் ஒரு கண்ணு மங்கிக்கிட்டே வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல, உங்க அத்தைக்கு மட்டுந்தான் தெரியும். அன்னிக்கு மொதலாளி பொம்மையத் தூக்கிக்கிட்டு தெருவுல நின்னு, எவ இதுக்குக் கண்ணு வெச்சதுன்னு கத்துறாரு. என்னுதுதான்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உங்கப்பா உள்ள கெடக்கறாரு. எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. அவ என்னத் தாண்டிப் போனா. போறப்பவே சொன்னா, எனக்கு வேல போனா எங்கூட்டுக்காரரு சோறு போடுவாரு, நீ பேசாம இருன்னு. போயி நான்தான்னுட்டா. ஐயா பின்னாடி நிக்கறதே அப்பறந்தான் தெரியும்."

உட்கார இடம் பார்த்தேன். அங்கே ஜாடிகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"அப்ப ஸ்கூலு?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, அந்த வயதுக் குரல்.

"அழுதுகிட்டே வந்தாடி. நான் போயி உண்மையச் சொல்லிடறேன், உம் பொண்ணு போவட்டும்னா. நான்தான் வேணாம்னேன். சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"என்னைய நெனச்சுப் பாக்கலியா?"

"நெனச்சேன். நெறையா நெனச்சேன்" என்றாள் அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேல போவும்னு நெனச்சுக்கிட்டுத்தானே அவ முன்னாடி போயி நின்னா. அன்னிக்கு அவ திட்டு வாங்கியிருந்தா, பாதி எனக்குன்னு நான் போயி கேட்டிருப்பேனா?"

தகட்டை மாற்றச் சொல்லும் பேச்சை நான் எடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அம்மா சென்னைக்குப் போன் போட்டாள். இப்போது அத்தை அங்கே பெண் வீட்டில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் பேசிக்கொள்வார்கள். "உம் பேரு பித்தளையில பளபளன்னு இருக்குதுடி, சேட்டு வூட்டுக் கல்யாணப் பாத்திரம் மாதிரி" என்று அம்மா சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை ஏதோ திட்டினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முழங்கால் வலி, மாத்திரை, மருமகன் சாப்பிடும் சாப்பாடு என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டதைக்கூட அம்மா கவனிக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. டைக்கும் வேனுக்கும் இல்லை, அந்த ஃபிளாட்டுக்கும் இல்லை. அம்மாவைப் பார்த்துத்தான் எரிந்தது. நானும் கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். உங்கள் எல்லோருடைய நம்பரும் அதில் இருக்கிறது. மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தெருவில் ஒருத்தர் கத்திக்கொண்டு நிற்கும்போது எனக்காக "நான்தான்" என்று சொல்ல வருகிறவள் யார் என்று தேடினேன். பிறகு அதையே திருப்பிப்போட்டு, நான் யாருக்காகப் போவேன் என்றும் தேடினேன். எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.